சோன் மேஸ்திரி கூரையில் வைத்த மலை

சோன் தொஷ்கி தெருவில் வருகிறான் என்றால் எங்கள் பெண்கள் கதவைத் தாழ்ப்பாள் போட மாட்டார்கள். கதவையே கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். அவன் பார்வை அப்படி. ஆளைப் பார்க்கிற பார்வை இல்லை, பலகையைப் பார்க்கிற பார்வை. எங்கள் ஊர் சொலூலாவில் அவனைப் போல சென்ட்ரிங் அடிக்கிற மேஸ்திரி கிடையாது. அவன் அடித்த பலகைமேல் கான்கிரீட் ஊற்றினால் சொட்டுத் தண்ணீர் கீழே இறங்காது. ஆனால் அந்தப் பலகை எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பெஞ்சு, செத்துப்போன கழுதையின் தீவனத் தொட்டி, ஒரு தடவை சொந்த மாமியாரின் கட்டில். பாவம், அவள் ஏதோ திருவிழாவுக்குப் போய்விட்டு ஆசையாகத் திரும்பி வந்து தரையில் படுத்தாள். யாரோ ஒருத்தர் வீட்டு வாசல்படி இறுகுகிறவரை அவள் கட்டில் அவளுக்கு இல்லை.

நான் லிப்ராதா. கட்டட வேலை நடக்கிற இடங்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய் விற்கிறவள். சோனும் நானும் ஒரே தெருவில் மூக்கொழுகித் திரிந்தவர்கள். அவன் மூத்த மகனுக்கு நான் ஞானத்தாய் ஆன நாளோடு எங்களுக்குள் ‘நீ’ போய் ‘நீங்க’ வந்துவிட்டது. எங்கள் ஊர் வழக்கம் அது. அவன் என்னைக் ‘கொமாத்ரே’ என்பான், நான் அவனைக் ‘கொம்பாத்ரே’ என்பேன். கழுதை என்று திட்டுவதானால்கூட ‘நீங்க ஒரு கழுதை’ என்றுதான் திட்ட வேண்டும். மரியாதை குறையாமல் நானும் நிறையத் திட்டியிருக்கிறேன்.

ஐம்பத்து நாலாம் வருஷம் மில் தொழிலாளர் சங்கம் சொந்தக் கட்டடம் கட்ட ஆரம்பித்தது. சோன்தான் மேஸ்திரி. சுவர் எழும்பியதும் அதில் ஓவியம் வரைய ஒப்புக்கொண்டவர் தலைநகரத்தில் பெயர் பெற்ற தோன் லியாந்த்ரோ உர்கிசா. ‘தோன்’ என்பது எங்களுக்கு ‘ஐயா’ மாதிரி. அரசாங்கத்தைத் திட்டி வரைந்து ஜெயிலுக்குப் போவார், வெளியே வந்து ஜெயிலையும் சேர்த்துத் திட்டி வரைவார். மனுஷன் சுவர் முடிகிறவரைகூடப் பொறுக்காமல் முன்னாலேயே வந்து இறங்கிவிட்டார். சாமான் அறையில் கட்டில் போட்டுக்கொண்டார். மத்தியானம் கொத்தனார்கள் சாப்பிட உட்கார்ந்தால் முதலாளி எப்படி உழைப்பைச் சுரண்டுகிறான் என்று பாடம் எடுப்பார். எல்லாரும் மென்றுகொண்டே தலையாட்டுவார்கள். சோன் மட்டும் அவருடைய பெயின்ட் பெட்டிகளின் மரத்தை எடை போட்டுக்கொண்டிருப்பான்.

கூரை போடாமல் சுவரில் வரைய முடியாது. கை துறுதுறுக்கிற ஆள், சும்மா இருப்பாரா? கதவளவு ஒரு தடித்த பலகையை வண்டியில் கொண்டுவந்து எங்கள் மலைகளை வரைய ஆரம்பித்தார். எங்களுக்கு மலை இரண்டு: புகை விடுகிற கிழவன் தோன் கோயோ, அவன் பக்கத்தில் வெள்ளைப் போர்வையோடு மல்லாந்து படுத்திருக்கிற பெண். அதை வரைய அவர் எடுத்தது கார் பெயின்ட், மணல், மரத்தூள். தூரிகை பாதி நேரம், சோனிடம் கடன் வாங்கிய கரணை மீதி நேரம். அப்பி, சுரண்டி, மறுபடி அப்பி, பலகையின்மேல் விரல் தடிமனுக்கு மேடும் பள்ளமுமாக நின்றது. வானம் ரத்தச் சிவப்பு, வயல் உழுது கிழித்த கறுப்பு, கிழவன் தொண்டை கிழியக் கத்துகிற மாதிரி நெருப்பு.

“எப்படி இருக்கு தோன்யா லிப்ராதா?” என்று கேட்டார்.

“அடிபிடிச்ச மோலே மாதிரி இருக்கு” என்றேன். மோலே என்றால் மிளகாயும் கொக்கோவும் போட்டு நாங்கள் வைக்கிற குழம்பு. எனக்கு அது அடிபிடித்ததே இல்லை. “எங்க தோன் கோயோவுக்கு இவ்வளவு கோவம் எதுக்கு?”

“அது அவரு கோவம் இல்ல. நெலத்தப் பறிகொடுத்த ஜனங்களோட கோவம். வெச்சுக்க எடம் இல்லாம மலைகிட்டக் குடுத்து வெச்சிருக்காங்க.”

சிரித்துவிட்டுப் போகத்தான் நினைத்தேன். ஆனால் பார்க்கப் பார்க்க அந்தப் படம் என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டது. என் அப்பாவும் நிலத்தைப் பறிகொடுத்தவர்தான். அதை ஓவியரிடம் சொல்லவில்லை, சொன்னால் அன்றைய பாடம் இன்னும் நீளும்.

படம் தலைநகரத்துக் கண்காட்சிக்குப் போய்விட்டு, திரும்பி வந்ததும் சங்கத் தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் தொங்க வேண்டும் என்று பேச்சு. பெயின்ட் முழுக்கக் காயவில்லை. சிமெண்டுத் தூசி படியக் கூடாது என்று தோன் லியாந்த்ரோ அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாமான் அறையில் சாய்த்து வைத்தார். ஏதோ கூட்டத்தில் பேசத் தலைநகரத்துக்குப் போனார். அவர் ஊரில் இல்லாத நாளில்தான் சோன் கூரைக்குத் தளம் போட்டான்.

தளம் போடுகிற நாள் எங்களுக்குக் கல்யாண நாள் மாதிரி. ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஒட்டுப் போட்ட இடம் மழைக்கு ஒழுகும். அதனால் மில்லில் ஷிப்டு முடிந்தவன், ஷிப்டுக்கு டிமிக்கி கொடுத்தவன், அவனவன் மச்சான், சகலை என்று எல்லாரும் வரிசையில் நின்றார்கள். கான்கிரீட் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போனது. மேலே ஒருத்தன் பாடினான், மற்றவர்கள் பின்பாட்டு. பாதித் தளம் போட்டாயிற்று. அப்போது நடுக்கூடத்துக்கு மேலே ஒரு பலகை படாரென்று விரிந்தது. அது கழுதைத் தொட்டிப் பலகை என்று நான் இன்றும் சொல்கிறேன், அவன் இன்றும் மறுக்கிறான்.

கூழ் கூழாகக் கான்கிரீட் கீழே கொட்டியது. மேலே பாட்டு நிற்கவில்லை. சோன் சாமான் அறைக்குள் பாய்ந்தான். சுவரில் சாய்ந்திருந்த ஒரு பலகையின் முதுகு தெரிந்தது. கதவளவு, நல்ல தடிமன், அவன் கண்ணுக்கு அது தேவலோகத்துப் பொருள். அப்படியே முதுகைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடிவந்து, உடைந்ததைத் தட்டிவிட்டு, இதை மேலே வைத்து அழுத்தி, முட்டுக் கொடுத்து ஆப்பு அடித்தான். கண் காது மூக்கெல்லாம் சிமெண்டு. மற்ற பலகைகளுக்கெல்லாம் ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவியிருந்தான், இதற்குத் தடவ ஏது நேரம்? மேலே நின்றவர்கள் பள்ளத்தை நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். சாயங்காலம் தளத்தைக் காப்பாற்றிய மேஸ்திரி என்று சோனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள்.

தோன் லியாந்த்ரோ திரும்பி வந்தார். சாமான் அறைக்குள் போனார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார்.

“என் மலை எங்க?”

யாருக்கும் தெரியவில்லை.

“இங்கதான் வெச்சேன். மொகத்தச் சுவரு பக்கம் திருப்பி, முதுகு மட்டும் தெரியற மாதிரி.”

சட்டி கழுவிக்கொண்டிருந்த சோன் அதைக் கேட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. அப்போது எனக்குக் காரணம் புரியவில்லை, வயிறு சரியில்லை போல என்று நினைத்தேன்.

தோன் லியாந்த்ரோவுக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது, தப்பாக. சிமெண்டு மூட்டை மேல் ஏறி நின்றார். “தோழர்களே, இது கவர்னரோட வேலை. ஒரு படத்தப் பார்த்துப் பயந்து ஆள் வெச்சுத் திருடியிருக்கான்” என்று ஆரம்பித்தார். சங்கத்துக்கும் ஊர்வலம் போய் நாளாகியிருந்தது. மறுநாளே கிளம்பிவிட்டார்கள். ‘எங்கள் மலையைத் திருப்பிக் கொடு’ என்று துணியில் எழுதி, உயரமான ஆள் என்று சோன் கையில் ஒரு கம்பைக் கொடுத்தார்கள். தெருத் தெருவாக, கோயிலைச் சுற்றி, சந்தை வழியாக, மேளம் வாத்தியத்தோடு போனது ஊர்வலம். பின்னால் தோன் கோயோ புகை விட்டுக்கொண்டு அப்படியேதான் நின்றார். வெளியூர்க்காரன் எவனாவது பார்த்திருந்தால் ஊரோடு கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பான்.

அடுத்த நாள் சோன் என் சாப்பாட்டை மீதி வைத்தான். சோன் மீதி வைப்பது பன்றி பட்டினி கிடப்பது மாதிரி.

“ஏன், உப்பு ஜாஸ்தியா?”

“இல்ல கொமாத்ரே.”

“அப்ப யாரு செத்தா?”

“மலை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

“எனக்கும்தான் தெரியும். அந்தா நிக்குது.”

“அது இல்ல. இன்னொண்ணு.” தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் கூரைப் பக்கம் உயர்த்தினான். பிறகு குரலைத் தாழ்த்தி நடந்ததைச் சொன்னான்.

நான் சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தேன். “நீங்க ஒரு கழுதை, கொம்பாத்ரே.”

“அதுல என்ன சந்தேகம். இப்ப நான் என்ன செய்ய, அதச் சொல்லுங்க.”

“எடுத்துக் குடுத்துட வேண்டியதுதானே.”

“எப்படி எடுக்க? பச்சத் தளம். இப்ப முட்ட உருவுனா கூரை மொத்தமா உக்காந்துரும். சிலுவைத் திருநாள் வரைக்கும் தொடக் கூடாது.”

“அப்ப வாயத் தொறந்து சொல்லுங்க.”

“சொன்னா? ஓவியத்துக்கும் ஓட்டப் பலகைக்கும் வித்தியாசம் தெரியாத மேஸ்திரின்னு பேரு நிக்கும். அப்புறம் எவன் என்னக் கூப்பிட்டு ஒரு கோழிக்கூடு கட்டச் சொல்லுவான்?” மீதிச் சாப்பாட்டைத் தட்டோடு தள்ளி வைத்தான். “திருநாளுக்கு முந்தின நாளு நானே கமுக்கமாப் பிரிச்சு, தொடச்சு, இருந்த எடத்துலயே சாச்சு வெச்சிருவேன். கவர்னர் பயந்து திருப்பிக் குடுத்துட்டார்னு தோன் லியாந்த்ரோ இன்னொரு ஊர்வலம் விட்டுருவார். எல்லாருக்கும் சந்தோஷம்.”

நடந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கவர்னர் சுவர் ஏறிக் குதித்து வர மாட்டார், உள்ளேயிருந்து எவனோ கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டும் என்று யாரோ ஒரு புத்திசாலி சொல்லிவைத்தான். காவல்காரர் மெலித்தோன்தானே சாவி வைத்திருந்தவர்? மெலித்தோன் வயசானவர், மனைவியை இழந்தவர். அவர் குறட்டைக்கு மில் சங்கு தேவலை. தினமும் மத்தியானம் மகள் ஹசிந்தா வீட்டில் சாப்பாடு. ஊர்ப் பேச்சு கிளம்பியதும் ஹசிந்தாவின் புருஷனை மில்லில் ‘கவர்னர் மருமகனே’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மறுநாள் மெலித்தோன் போனபோது மகள் கதவைத் திறக்கவில்லை. பெற்ற மகளே. அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என் அடுப்புப் பக்கம் வந்து உட்கார்ந்தார். நான் தட்டு வைத்தேன்.

“தூங்குனேன்னு சொல்லு லிப்ராதா, ஒத்துக்கறேன். தொறந்துவிட்டேன்னு சொல்லாதீங்கடா.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சோன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். நான் கரண்டியை அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன். அவன் தலையைத் தட்டுக்குள் கவிழ்த்துக்கொண்டான்.

மெலித்தோனைச் சங்கத்திலிருந்து நீக்குவதா என்று முடிவு செய்யக் கூட்டம் போட்டார்கள். சங்கத்தை விட்டு நீக்கினால் காவல் வேலையும் போகும், மில் கொடுத்த குடிசையும் போகும். கூட்டம் அந்தப் புதுக் கூடத்திலேயே. உள்ளே முட்டுக்கம்பு காடு மாதிரி நின்றது. பேசுகிறவன் முகத்தைப் பார்க்க ஒவ்வொருத்தனும் கம்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. செயலாளர் சில்வேரியோ தொண்டையைக் கனைத்தார். “நீக்கறதுக்குச் சம்மதிக்கறவங்க கை தூக்குங்க.”

கைகள் எழும்ப ஆரம்பித்தன. சோனும் கையைத் தூக்கினான். ஐயோ பாவி என்று நான் கரண்டியைத் தேடினேன். ஆனால் அவன் கையில் ஒரு விரல் மட்டும் நீண்டிருந்தது, நேராக மேலே.

“தலைக்கு மேல இருக்கு” என்றான்.

“என்ன இருக்கு?”

“மலை. நான்தான் வெச்சேன். கிழவர விட்ருங்க.”

கூடமே அண்ணாந்து பார்த்தது. பலகையின் முதுகுதான் தெரிந்தது. சோன் நடந்ததைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தான். முதலில் எவனோ களுக்கென்று சிரித்தான். தோன் லியாந்த்ரோ சிரிக்கவில்லை. அருகில் கிடந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு ஆப்பைப் பார்த்துப் பாய்ந்தார். சோன் முட்டுக்கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

“தோழர், இத்தன நாளு நீங்க பேசுனீங்க, நான் கேட்டேன். இப்ப நான் சொல்றேன். ஆப்புல கை வெச்சா எல்லாரும் சேர்ந்து சாவோம். திருநாள் வரைக்கும் பொறுங்க.”

தோன் லியாந்த்ரோ சுத்தியலைக் கீழே போட்டார்.

அதோடு தீர்ந்தது என்று நினைத்தால் எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியாது. ‘சோன் நல்லவன்யா, கிழவனைக் காப்பாத்தக் கதை கட்டுறான்’ என்று சந்தையில் பேச்சு கிளம்பியது. ஓவியத்தைப் பார்த்துப் பலகை என்று நினைப்பவன் உலகத்தில் உண்டா? பலகையைப் பிரிக்கிறவரை மெலித்தோன் விஷயத்தைத் தள்ளி வைப்பதாகச் சங்கமும் சொல்லிவிட்டது. ஹசிந்தா வீட்டுக் கதவும் திறக்கவில்லை. சோன் நடந்து போனாலே ‘மேஸ்திரி, எங்க வீட்டுல மாதா படம் இருக்கு, ஜாக்கிரதை’ என்று கிண்டல் வேறு. அவன் பேரும் போயிற்று, கிழவர் பேரும் வரவில்லை. தோன் லியாந்த்ரோ தன் கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, பலகைக்கு நேர் கீழே போட்டுப் படுத்துக்கொண்டார். சோனிடம் பேச்சே இல்லை.

மே மாதம் சிலுவைத் திருநாள் வந்தது. அன்றைக்குக் கொத்தனார்கள் வேலை நடக்கிற கட்டடத்தின் உச்சியில் காகிதப் பூ சுற்றிய சிலுவையை நடுவார்கள்; கட்டடத்துக்குச் சொந்தக்காரர் அவர்களுக்கு விருந்து வைத்தாக வேண்டும். சிவப்புக் கொடிச் சங்கமானாலும் விருந்து விருந்துதான். தோன் லியாந்த்ரோ கடவுள் இல்லை என்று நாள் பூராச் சொல்வார்; என் மோலே வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வெடி வெடித்தது, சாமியார் தண்ணீர் தெளித்தார். ஊரே கூடத்துக்குள் புகுந்தது. யாருக்கும் சிலுவையைப் பார்க்கிற அவசரம் இல்லை.

சோன் ஒவ்வொரு முட்டாக உருவினான். கூரை அசையவில்லை. கடைசியாக அந்தப் பலகைக்கு வந்தான். ஆப்பைத் தட்டினான், முட்டுக்கம்பை எடுத்தான். பலகை கீழே வரவில்லை. கடப்பாரை கொடுத்து நெம்பினான். சர்ரென்று உரிகிற சத்தம். பலகை அவன் கையோடு வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தான். மொட்டையாக இருந்தது. அங்கங்கே கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் கறுப்பு. அவன் முகம் அழுகிற மாதிரி கோணியது.

“கொம்பாத்ரே, மேல பாருங்க” என்றேன் நான்.

மலை கூரையில் இருந்தது. சிவப்பு, கறுப்பு, நெருப்பு எல்லாம் கான்கிரீட்டில் ஊறி ஒட்டியிருந்தது. அவர் மேடாக அப்பிய இடமெல்லாம் பள்ளமாக, பள்ளமெல்லாம் மேடாக, கல்லிலேயே பிறந்த மாதிரி இறங்கி நின்றது. மெல்ல ஒரு கிழவி, “இது நம்ம பக்கத்து மலை” என்றாள்.

அவள் சொன்னது சரி. தோன் லியாந்த்ரோ தலைநகர்க்காரர். அங்கிருந்து பார்த்தால் கிழவன் வலப்பக்கம், படுத்திருப்பவள் இடப்பக்கம். அவர் வரைந்ததும் அப்படித்தான். இங்கே நாங்கள் மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்கள், எங்களுக்குக் கிழவன் இடப்பக்கம். கூரையில் படம் இடம் வலம் மாறி விழுந்ததில், மலை எங்கள் பக்கம் திரும்பிவிட்டது.

தோன் லியாந்த்ரோ தூசித் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். நெடுநேரம் எழவில்லை. மாரடைப்போ என்று எனக்குப் பயம். பிறகு படுத்தபடியே பேசினார்.

“மேஸ்திரி, எந்தப் பணக்காரனும் கழட்டிட்டுப் போயி வீட்டுல மாட்டிக்க முடியாத ஓவியம் வேணும்னு ஆயுசு பூராப் பேசியிருக்கேன். செஞ்சது நீ.”

“வேணும்னு செய்யல தோழர்.”

“அதான் நல்லா வந்திருக்கு.”

கூடம் வெடித்துச் சிரித்தது. சோனைத் தூக்கினார்கள், ஓவியரைத் தூக்கினார்கள், சாமியாரைக்கூடத் தூக்கப் பார்த்தார்கள். நான் மோலேச் சட்டியைத் திறக்கப் போனேன். அப்போதுதான் கதவோரம் தொப்பியைக் கழற்றாமல் நின்ற மெலித்தோன் பேசினார்.

“மலை கெடச்சிருச்சு. என் பேரு?”

சிரிப்பு நின்றது. சில்வேரியோ ஏதோ மன்னிப்புத் தீர்மானம் என்று இழுத்தார். மெலித்தோன் விடவில்லை.

“தீர்மானம் இங்க உள்ளதான் கேக்கும். மேளம் வெச்சுத் தெருவெல்லாம் போயித்தானே தொலச்சீங்க? மேளம் வெச்சுப் போயே கொண்டாங்க.”

விருந்து அப்படியே நிற்க, ஊர்வலம் கிளம்பியது. அதே தெருக்கள், அதே வாத்தியம். தோன் லியாந்த்ரோ அந்த மொட்டைப் பலகையிலேயே பெரிதாக எழுதினார்: ‘மெலித்தோன் திருடவில்லை’. சோன் தூரிகையைக் கேட்டு வாங்கி, கோணல் மாணலாகக் கீழே சேர்த்தான்: ‘எடுத்தவன் சோன் தொஷ்கி’. எழுதியதைத் தானே தூக்கிக்கொண்டான். இந்தத் தடவை கோஷத்தில் அவன் குரல்தான் எல்லாரையும்விடப் பெரிதாகக் கேட்டது.

ஹசிந்தா வீட்டு வாசலில் மெலித்தோன் நின்றார். எல்லாரும் நின்றோம். மேளக்காரன் தட்டுவதை நிறுத்தினான். கதவு திறந்தது. ஹசிந்தா அழுது கண் வீங்கியிருந்தாள். சோன் தொப்பியைக் கழற்றினான்.

“அம்மா ஹசிந்தா, எடுத்தது உங்க அப்பா இல்ல. நான்.”

“எழுதித்தான் வெச்சிருக்கீங்களே, படிச்சேன்” என்றாள் அவள். அப்பாவின் பக்கம் திரும்பினாள். “வாங்கப்பா. சாப்பாடு ஆறுது.”

கிழவர் உள்ளே போனார். சோனும் ஒரு அடி எடுத்து வைத்தான்.

“நீங்க வெளியவே நில்லுங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

சோன் பலகையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றான். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் திறந்தது. ஒரு கை தட்டை நீட்டியது. அவன் பலகையைச் சுவரில், முகம் தெருவைப் பார்க்கும்படி சாய்த்து வைத்துவிட்டு, நின்றபடியே தின்றான். மீதி வைக்கவில்லை.